எஞ்சின் தண்ணீர்

காலையில் எஞ்சின் இரண்டு முறை சின்னதாகக் கூவும். ஹார்லன் வெல்ஸ் என்ற பாலைவன ஊரின் மேற்குப் பக்கம் அந்தக் கூவலுக்குத்தான் எழுந்தது. பெண்கள் தகரத் தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்து நடப்பார்கள். முன்னால் போகிறவள் எப்போதும் இலாரியா ஒந்திவேரோஸ். அவள் தொட்டி பெரியது. அதை ஒரு கைவண்டியில் ஏற்றி, மணலில் புதையும் சக்கரத்தைத் திட்டிக்கொண்டே தள்ளுவாள்.

யார்டில் சரக்குப் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் சிறிய எஞ்சின் அது. டிரைவர் ரீஸ் ப்ரிச்சர்ட், வேல்ஸ் நாட்டுச் சுரங்க ஊர் ஒன்றிலிருந்து வந்த இளைஞன். தெரு முனைக்கு நேராக எஞ்சினை நிறுத்தி, ஒரு ரப்பர் குழாயை வெளியே தொங்கவிட்டு வால்வைத் திறப்பான். ஆவி பறக்கும் வெந்நீர் தொட்டியில் விழும். எண்ணெயும் இரும்பும் நனைந்த மணலும் கலந்த அந்த வாசனையை இலாரியா சாகும்வரை மறக்கவில்லை. எந்தப் பூவின் பெயர் சொன்னாலும், "எஞ்சின் வாசனைக்கு அது வராது" என்பாள்.

அந்தத் தண்ணீர் சூடாக இருந்தது மட்டுமல்ல விஷயம். கொதிகலனுக்குள் உப்பு படியக் கூடாது என்று கம்பெனி தன் தொட்டித் தண்ணீரில் சோடா கலந்து பதப்படுத்தி வைத்திருந்தது. சோப்பைக் காட்டினாலே நுரைத்துக்கொண்டு வரும். எஞ்சினின் வயிற்றுக்கு அவ்வளவு கவனிப்பு. தண்டவாளத்துக்கு மேற்கே இருந்த மனித வயிறுகளைப் பற்றி அந்தக் கம்பெனிக்கு ஒரு கவலையும் கிடையாது.

ஊர் உண்டான கதையே அதுதான். ரயில் வருவதற்கு முன் அங்கே இருந்தது ஒரு பண்ணை, ஓர் ஊற்று, ஊற்றைச் சுற்றிக் கொஞ்சம் மரங்கள். அதற்கும் முன்னால் பையூட் பழங்குடி மக்கள் அந்த ஊற்றோரம் பூசணியும் சோளமும் போட்டு வாழ்ந்தார்கள். அவர்களிடமிருந்து யாரும் எதையும் விலைக்கு வாங்கவில்லை, எடுத்துக்கொண்டார்கள். பண்ணையை நடத்திய விதவையிடமிருந்து ரயில்வே கம்பெனி ஊற்றோடு சேர்த்து நிலத்தை வாங்கியது. பிறகு நிலமும் தண்ணீரும் விற்பதற்கென்று தனியாக இன்னொரு கம்பெனியைத் தொடங்கியது. முதலாளி ஒருவர்தான், பெயர்ப்பலகை இரண்டு. ஒரு கோடை நாளில் கித்தான் கூடாரம் போட்டு மனைகளை ஏலம் விட்டார்கள். வெயில் தாங்காமல் ஆட்கள் மயங்கி விழுந்த அந்த ஏலத்தில், கிழக்குப் பக்கம் முழுவதும் விற்றுத் தீர்ந்தது. மரப் பலகைகளைச் சேர்த்துக் கம்பி சுற்றிய குழாய்கள் கிழக்குத் தெருக்களுக்கு அடியில் ஓடின. புல்வெளி வந்தது. நிழல் வந்தது. ஸ்டேஷன் ஹோட்டல் வாசலில் ரோஜாகூட வந்தது.

மேற்குப் பக்க மனைகளைக் கம்பெனி விற்கவில்லை. அவை ஒரு பழைய நில அளவைக்காரர் அந்த ஏலத்துக்கு முன்னாலேயே விற்றவை. மலிவாகக் கிடைத்ததால் மெக்சிக்கோக்காரர்களும் கறுப்பர்களும் இத்தாலியர்களும் அங்கே வாங்கினார்கள். அதாவது தண்டவாளம் போட்டவர்களும் எஞ்சினைப் பழுது பார்த்தவர்களும். குழாய் கேட்டுப் போனவர்களுக்குக் கம்பெனி சொன்ன பதில் ஒன்றுதான்: எங்கள் நிலம் வாங்கியவர்களுக்கே எங்கள் தண்ணீர். தண்டவாளத்துக்கு அடியில் ஒரு குழாயை நுழைக்க எத்தனை முழம் தோண்ட வேண்டும்? அந்தச் சில முழத்தை முப்பது வருடத்துக்கு மேல் யாரும் தோண்டவில்லை. இதைப் பாலைவனத்தின் கொடுமை என்று பாதிரியார் ஞாயிறுதோறும் சொல்லுவார். பாலைவனம் என்ன செய்தது, பாவம். அது ஊற்றைக் கொடுத்தது.

இலாரியாவின் கணவன் அன்செல்மோ தண்டவாளப் பராமரிப்புக் கூட்டத்தில் கூலி. அவன் வாங்கிய மனையில், வேலை முடிந்த மாலைகளில், மூன்று நண்பர்களோடு ஒரு குளிர்காலம் முழுக்கக் கிணறு தோண்டினான். தண்ணீர் வந்தது. கடுத்த தண்ணீர். குவளையில் விட்டு வைத்தால் அடியில் வெள்ளைப் பொடி தங்கும். காபியில் கசக்கும். ஆனால் வற்றவே வற்றாது. அன்செல்மோ மாவட்ட அலுவலகத்துக்குப் போய்த் தன் பெயரில் தண்ணீர் உரிமையைப் பதிந்துவிட்டு வந்தான். அன்றைக்கு அவன் நடையே மாறியிருந்தது என்பாள் இலாரியா.

"கவர்னர் மாதிரி வந்தான். வாசல்ல நின்னு, ஏதோ பெரிய சீமாட்டிய கூப்பிடற மாதிரி, 'தோன்யா, உங்க கிணத்துல ஒரு குவளை தண்ணி கிடைக்குமா'ன்னு கேட்டான். 'காசு குடுத்தா'ன்னேன். அதுக்கு அவன் குடுத்தது காசு இல்ல, உங்ககிட்ட சொல்றதுக்கில்ல."

அவனை ஒரு ஜூலை மாத வெயில் தண்டவாளத்தின் மேலேயே கொன்றுபோட்டது. கம்பெனி ஒரு மலர்வளையமும், மெக்சிக்கோவில் சகாத்தேகாஸ் பக்கம் இருந்த அவள் பிறந்த ஊருக்குத் திரும்பிப் போக ஓர் இலவசப் பயணச் சீட்டும் அனுப்பியது. மலர்வளையத்தைக் கல்லறையில் வைத்தாள். பயணச் சீட்டைக் கொண்டுபோய்க் கம்பெனியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"நான் போயிட்டா கிணத்த யாரு பாத்துக்கறது?"

ஸ்டேஷன் ஹோட்டலின் படுக்கை விரிப்புகளையும் ரயில்காரர்களின் சட்டைகளையும் துவைக்கத் தொடங்கினாள். கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகத் திரண்டு துணியில் ஒட்டிக்கொண்டது. ஒருநாள் காலை வேலிக்கு அப்பால் நின்றிருந்த எஞ்சினிலிருந்து ப்ரிச்சர்ட் அவள் படும் பாட்டைப் பார்த்தான். "அந்தத் தொட்டிய இங்க கொண்டாங்க தோன்யா" என்றான். அவனுக்கு அவள் மொழியில் தெரிந்த ஒரே சொல் அந்த மரியாதைச் சொல்தான். மற்றதைக் கையால் காட்டினான். அப்படித் தொடங்கியது.

ஒரு மாதத்தில் தெருவே வரிசையில் நின்றது.

அந்த வருடங்களைப் பற்றிப் பேசும்போது இலாரியாவின் குரல் இளகிவிடும். கோடை இரவுகளில் ஈர விரிப்பைப் போர்த்திக்கொண்டு முற்றத்தில் கட்டில் போட்டுத் தூங்குவதும், விடியும்போது அது காய்ந்து மொறமொறவென்று உடம்பில் கிடப்பதும். கொடியில் தொங்கும் ஹோட்டல் விரிப்புகள் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை. அவற்றின் நடுவே சோளரொட்டி சுடும் மணம். சனிக்கிழமைதான் விசேஷம். அன்று தொட்டிகள் துணிக்கு இல்லை, தலைக்கு. பெண்கள் வேலியோரம் வரிசையாகக் குனிந்து, ஒருவர் தலைக்கு ஒருவர் வெந்நீர் ஊற்றிக்கொள்வார்கள். இலாரியாவின் கூந்தல் இடுப்புக்குக் கீழே இறங்கும். அதை அலச இரண்டு பேர் வேண்டும்.

நிக்கோலாசா அலசுவாள். அவள் மகளுக்கு இலாரியா ஞானத்தாய். அதனால் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கொமாத்ரே, இந்த முடிய வெட்டி வித்தா நாம ரெண்டு பேரும் கிழக்குப் பக்கம் வீடு வாங்கிடலாம்."

"முடியோட என் தலையையும் சேத்து வித்தாலும் உன்னய கிழக்குப் பக்கம் விடமாட்டாங்கடி. உன் வாய் முதல்ல போய் நிக்கும்."

எஞ்சினிலிருந்து ப்ரிச்சர்ட் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் அப்படி மெனக்கெட்டு வேறு பக்கம் பார்ப்பதே அவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும்.

கிணறு? அது இருந்தது. இலாரியா குடிக்கத் தண்ணீர் எடுத்ததுகூடக் குறைந்துபோனது. எஞ்சின் தண்ணீரையே ஆறவைத்துக் குடிக்கப் பழகிவிட்டாள். சோடா வாசம் பழகினால் ஒன்றும் தெரியாது என்பாள். முற்றத்துக் கோழிகள் மட்டும் கிணற்றடியில் இருந்த கல்தொட்டியைச் சுற்றித் திரிந்தன. அந்தத் தொட்டியை நாள்தோறும் நிரப்புவது அன்செல்மோ போனபிறகும் அவள் விடாத பழக்கம்.

ஒரு ஜூன் மாதத்தில் ஹேக்கெட் வந்தார். நிலமும் தண்ணீரும் விற்கும் கம்பெனியின் உள்ளூர் அதிகாரி. மேற்குப் பக்கம் அவர் கால் பட்டு யாரும் பார்த்ததில்லை. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, கொடியில் கிடந்த விரிப்புகளைத் தொட்டுப் பார்த்தார். கூட வந்த எழுத்தர் மொழிபெயர்த்தார்.

"இவ்வளவு வெள்ளையா எங்க வீட்டுலகூட வெளுக்கறதில்ல. என்ன தண்ணிம்மா இது? உங்க கிணத்துத் தண்ணியா?"

துவைக்கிறவளிடம் வெள்ளையைப் புகழ்ந்தால் அவளுக்கு வேறென்ன வேண்டும்? இலாரியா நிமிர்ந்து நின்றாள்.

"கிணத்துத் தண்ணியா? அதுல தோச்சா விரிப்பு சாக்கு மாதிரி ஆயிடும். இது எஞ்சின் தண்ணி. பல வருஷமா இதுலதான் தோய்க்கிறேன், இதுலதான் குளிக்கிறேன். அந்தக் கிணறு கோழிக்குத்தான் லாயக்கு."

ஹேக்கெட் சிரித்தார். மிகவும் நன்றி என்றார். ஒரு காபியாவது குடித்துவிட்டுப் போகலாமே என்று அவள்தான் வற்புறுத்தினாள். எஞ்சின் தண்ணீரில் போட்ட காபி. குடித்துவிட்டுப் போனார்.

இரண்டு வாரம் கழித்துக் கிணற்றுக் கம்பத்தில் ஒரு காகிதம் அறையப்பட்டிருந்தது. இலாரியாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டு ஆர்டெல்லாவைக் கூப்பிட்டாள். லூயிசியானாவிலிருந்து வந்த கறுப்பினப் பெண் அவள். கணவன் எஞ்சின் பட்டறையில் வேலை. கையில் கிடைக்கும் காகிதம் எதுவானாலும், மளிகை சுற்றி வந்த துண்டுச் செய்தித்தாளானாலும், விடாமல் படிப்பவள். இத்தனை வருடப் பக்கத்துவாசத்தில் ஸ்பானிய மொழியைத் தனக்கே உரிய இழுப்போடு பேசக் கற்றிருந்தாள்.

ஆர்டெல்லா இரண்டு முறை படித்தாள். பிறகு கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்தாள்.

"மிஸ் இலாரியா, இந்த மாநிலத்துச் சட்டப்படி, அஞ்சு வருஷம் எடுக்காம விட்ட தண்ணிக்கு உரிமை செத்துப்போகுமாம். உங்க கிணத்த யாரும் உபயோகிக்கறதில்லன்னு கம்பெனி மனு போட்டிருக்கு. செப்டம்பர்ல மாநிலத்து நீர் அதிகாரி வந்து பாப்பாராம். உரிமை செத்துப்போச்சுன்னு அவரு சொன்னா கிணத்த மூடணும்."

"யாரு சொன்னா உபயோகிக்கறதில்லன்னு?"

ஆர்டெல்லா ஒரு வரியில் விரலை வைத்தாள். "நீங்கதான் சொன்னதா போட்டிருக்கு."

எதிர்வீட்டிலிருந்து நிக்கோலாசாவும் அதற்குள் வந்திருந்தாள். அவள்தான் கத்தினாள். "அந்த ஆளுக்குக் காபி வேற குடுத்தியே கொமாத்ரே. அதுல கொஞ்சம் கோழிப் பீயப் போட்டிருக்கக் கூடாதா?"

"ஆனா எதுக்கு?" என்றாள் இலாரியா. "இவ்வளவு பெரிய ஊற்ற வச்சுக்கிட்டு இந்த உப்புக் கிணறு அவங்களுக்கு எதுக்கு?"

"கிணறு வேணாம் அவங்களுக்கு. மனை வேணும். ரயில் யார்டை இந்தப் பக்கம் பெருசாக்கப் போறாங்கன்னு பட்டறையில பேச்சு. மேற்குப் பக்கத்துல உரிமை பதிஞ்ச கிணறு இது ஒண்ணுதான். இதுவும் போச்சுன்னா தண்ணி இல்லாத மனைய யாரு வாங்குவா? அவங்கதான் வாங்குவாங்க, அவங்க சொல்ற விலைக்கு." ஆர்டெல்லா காகிதத்தை மடித்தாள். "இன்னொண்ணு யோசிச்சுப் பாருங்க. என் புருஷன் ஒரு விளக்குத் திரிய தொலைச்சதுக்குச் சம்பளத்துல பிடிச்சாங்க. அப்படிப்பட்ட கம்பெனி, இத்தனை வருஷமா நாள் தவறாம வெந்நிய நம்ம தொட்டியில ஊத்தவிட்டு ஒரு வார்த்த பேசலியே, ஏன்? பாக்கலையா? சத்தம் போட்டுக் கூவிக்கிட்டு வர்ற எஞ்சின்."

மூன்று பெண்களும் கிணற்றைச் சுற்றி நின்றார்கள். ப்ரிச்சர்டின் நல்ல மனதை அவர்கள் சந்தேகப்படவில்லை. அதுதான் இன்னும் கசந்தது. நல்ல மனது அவனுடையது, தண்ணீர் கம்பெனியுடையது. அவன் கொடுத்ததைக் கம்பெனி கணக்கில் வைத்துக்கொண்டது. தானம் வாங்குகிறவன் எதை இழக்கிறான் என்பதைத் தானம் கொடுக்கிறவன்கூட அறிவதில்லை. அதனால்தான் உரிமை கேட்கிறவர்களுக்கு முதலில் தானம் வருகிறது.

"நாளையிலேர்ந்து எஞ்சின் தண்ணி வேணாம்" என்றாள் இலாரியா. "தெரு முழுக்க இந்தக் கிணத்துலதான் எடுக்கணும். குடிக்க, குளிக்க, தோய்க்க. அந்த அதிகாரி வர்றப்ப கயிறு ஈரமா இருக்கணும்."

"உன் தொழில்?" என்றாள் நிக்கோலாசா. "ஹோட்டல்காரன் சாக்கு நிறத்துல விரிப்பு வாங்குவானா?"

"வாங்கமாட்டான்."

"அப்புறம்?"

"அன்செல்மோ ஒரு குளிர்காலம் தோண்டினான் கொமாத்ரே. நான் ஒரு வெயில்காலம் இறைக்கக் கூடாதா?"

மறுநாள் காலை எஞ்சின் இரண்டு முறை கூவியது. யாரும் வரவில்லை. ப்ரிச்சர்ட் இன்னொரு முறை கூவினான். ஜன்னலுக்குப் பின்னால் பெண்கள் நின்று பார்த்தார்கள். அவன் குழாயைத் தொங்கவிட்டு வால்வைத் திறந்தான். வெந்நீர் மணலில் விழுந்தது. ஆவி எழுந்தது. மணல் அதைக் குடித்து முடித்ததும் எஞ்சின் மெதுவாக நகர்ந்தது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் அவன் இறங்கி, அழுக்குச் சட்டைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வேலியைத் தாண்டி வந்தான். இத்தனை வருடத்தில் அவர்கள் மொழி அவனுக்கும் பேச வந்திருந்தது.

"என்ன தப்பு பண்ணேன், தோன்யா?"

"நீங்க ஒண்ணும் பண்ணல, தோன் ரீஸ்." அவள் கிணற்றிலிருந்து கையை எடுக்காமலே எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் முகம் சிவந்தது. "நான் கம்பெனிக்காக குடுக்கல. என் மனசுக்குத் தோணிச்சு, குடுத்தேன்."

"குடுத்தது நீங்க. தண்ணி யாரோடது?"

தொப்பியை உருட்டிக்கொண்டு நின்றான். பிறகு, "அதிகாரி வர்றப்ப நான் வந்து சொல்றேன். ஒரு சொட்டுகூட குடுத்ததில்லன்னு" என்றான்.

"ஊரே பாத்திருக்கு. பொய்யின்னு ஆச்சுன்னா உங்க வேலையும் போகும், என் கிணறும் போகும். வேணாம். சட்டைய மட்டும் குடுங்க. வெள்ளையா வராது."

"வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு எஞ்சின் ஓட்டினா யாரு பாக்கப்போறா" என்று மூட்டையை வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவன் எஞ்சின் அந்த முனையில் கூவவில்லை.

அந்தக் கோடையை மேற்குப் பக்கம் சாம்பல் கோடை என்று பிற்காலத்தில் பேசிக்கொண்டது. மெஸ்கீட் என்ற பாலைவன முள்மரத்து விறகின் சாம்பலைக் கரைத்து ஊற்றிப் பார்த்தார்கள், தண்ணீர் கொஞ்சம் இளகியது, துணி இளகவில்லை. குழந்தைகளின் சட்டைகள் சாம்பல் நிறமாயின. பெண்களின் தலைமுடி சிக்குப் பிடித்தது. ஹோட்டல் முதல் மாதமே விரிப்புகளை நிறுத்திவிட்டது. ரயில்காரர்கள் ஒவ்வொருவராகக் கிழக்குப் பக்கத்து நீராவிச் சலவைக்குப் போனார்கள். ப்ரிச்சர்டின் சட்டைகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. யார்டில் அவனைக் கிண்டல் செய்யாத ஆள் இல்லை.

"என்னப்பா ப்ரிச்சர்ட், சட்டைய மண்ணுல புதைச்சு எடுத்தியா?"

"இல்ல, சும்மா சூட்டுல வெந்திருக்கு. உன் மூளை மாதிரி."

இலாரியா மூன்று வேளையும் பீன்ஸ் தின்றாள். நாற்பது அடி ஆழத்திலிருந்து தெருவுக்கே இறைத்து இறைத்து உள்ளங்கை தோல் உரிந்தது. பிற பெண்களும் முறை வைத்து வந்தார்கள், முணுமுணுத்துக்கொண்டுதான் வந்தார்கள். ஆகஸ்டு நடுவில், தலையில் சீப்பு இறங்காத ஒரு சனிக்கிழமை, நிக்கோலாசா வாளியைப் போட்டு உடைத்தே விட்டாள். "இந்தப் பாழாப்போன உப்புத் தண்ணிக்கா இவ்வளவு?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். இலாரியா வாளியின் பலகைகளைச் சேர்த்துக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் நிக்கோலாசா தன் வீட்டு வாளியோடு வந்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "தள்ளு" என்று கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

செப்டம்பரில் அதிகாரி வந்தார். பருத்த மனிதர். வியர்வையைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டை கறுத்திருந்தது. ஹேக்கெட் கூடவே நடந்தார். கிணற்றடியில் பெண்கள் வரிசையாக நின்று இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஆர்டெல்லா இருபக்கமும் மொழிபெயர்க்க நின்றாள்.

"இது நாடகம்" என்றார் ஹேக்கெட். "காகிதம் ஒட்டினப்புறம் ஆரம்பிச்ச கூத்து. அதுக்கு முன்னாடி பல வருஷமா இந்தக் கிணறு சும்மா கிடந்துது."

அதிகாரி இலாரியாவைப் பார்த்தார். "அது உண்மையா அம்மா? இதுக்கு முன்னாடி எஞ்சின் தண்ணிலதான் தோய்ச்சீங்களா?"

நிக்கோலாசா பின்னாலிருந்து அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். இல்லை என்று சொல் என்பது அந்த இழுப்பின் அர்த்தம்.

"உண்மைதான்" என்றாள் இலாரியா. "தோய்ச்சேன், குளிச்சேன், குடிச்சேன். குடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன்."

ஹேக்கெட் கைகளை விரித்தார். "நான் சொல்லல? இவங்க வாயாலயே சொன்னாங்க என்கிட்ட. அந்தக் கிணறு கோழிக்குத்தான் லாயக்குன்னு. இதே வார்த்தை."

அதிகாரி துடைத்துக்கொண்டிருந்த கைக்குட்டையை நிறுத்தினார். கிணற்றடியில் இருந்த கல்தொட்டியைப் பார்த்தார். விளிம்பில் ஒரு சிவப்புக் கோழி நின்று அலகை நனைத்து, தலையைத் தூக்கி, விழுங்கிக்கொண்டிருந்தது. தொட்டியின் உட்புறம் கிணற்றின் வெள்ளை உப்பு ஏடு ஏடாக, விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. ஒரு கோடையில் படிகிற கனமல்ல அது.

"கோழிகள் இந்தத் தண்ணியத்தான் குடிச்சுதா?"

"வேற எத குடிக்கும்?" என்றாள் இலாரியா. "எஞ்சின் தண்ணி அதுங்களுக்குப் பிடிக்காது. கோழிக்கு எப்பவும் கிணத்துத் தண்ணிதான் ஊத்தினேன். தினமும்."

"இத நீங்களும் சொல்றீங்க" என்று அதிகாரி ஹேக்கெட் பக்கம் திரும்பினார். "இவங்க கோழிக்கு உபயோகிச்சாங்கன்னு."

"கோழிக்கு மட்டும்தான்னு சொன்னேன்."

"சட்டத்துல 'மட்டும்'ன்னு இல்ல, மிஸ்டர் ஹேக்கெட். வளக்கற பிராணிக்குத் தண்ணி காட்டறது உபயோகம்தான். அது மாடா இருக்கணும்னு எங்கயும் எழுதல. உரிமை உயிரோடதான் இருக்கு." அவர் வரிசையில் நின்ற பெண்களை ஒருமுறை எண்ணுவதுபோலப் பார்த்தார். "உயிரோட இருக்கற உரிமைல இப்ப தெருவே எடுக்குது. எடுக்கற அளவுக்குப் பதிஞ்சுட்டுப் போறேன்."

ஆர்டெல்லா மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிக்கோலாசா அந்தச் சிவப்புக் கோழியைத் தூக்கி ஹேக்கெட்டின் முகத்துக்கு நேராகக் காட்டினாள். "நல்லா பாத்துக்குங்க. இதுதான் எங்க வக்கீல்."

இலாரியா சிரிக்கவில்லை. கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்து உரிந்த உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விதவை இறைத்துக் குடித்தாளா என்பதை யாரும் பெரிதாக நினைக்காத இடத்தில், கோழி குடித்ததா என்பது பெரிதாகிவிட்டது. அந்தக் கோழியை அடித்துச் சமைக்க அதன்பிறகு அவளுக்கு மனம் வரவில்லை. கிழடாகித் தானாகச் செத்தது.

கிணறு நின்றது. எஞ்சின் தண்ணீர் மட்டும் திரும்பவில்லை. யாரும் வெளியாருக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று யார்டில் கம்பெனி உத்தரவு போட்டது. அது போடாவிட்டாலும் இலாரியா தொட்டியை எடுத்துக்கொண்டு போயிருக்க மாட்டாள். யார்ட் மேற்கே பெருகவில்லை. அந்தப் பக்கத்து மனைகள் யாருடையவையோ அவர்களுடையவையாகவே இருந்தன. ஹோட்டல் விரிப்பு போனபின் அவள் தமாலே என்ற சோளமாவுப் பண்டத்தை வேகவைத்து விற்றுப் பிழைத்தாள். உப்புத் தண்ணீரில் பிசைந்தால் மாவுக்கு ருசி கூடுகிறது என்று கிழக்குப் பக்கத்திலிருந்துகூட ஆள் வந்தது.

பிறகு போர் வந்து போனது. ஊற்றில் தண்ணீர் இறங்கியது, மரக்குழாய்கள் அழுகி ஒழுகின. லாபம் குறைந்ததும் கம்பெனி தண்ணீர் வியாபாரத்தை ஊராட்சிக்கு விற்றுவிட்டது. விற்ற மறுவருடம் ஊராட்சி தண்டவாளத்துக்கு அடியில் ஒரு குழாயை நுழைத்தது. ஒரு வாரம்கூட ஆகவில்லை அந்த வேலைக்கு. தெருவே கூடி நின்று பார்த்தது. ஆர்டெல்லா அந்தச் சின்னப் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றாள்.

வீட்டுக்குள் குழாய் வந்தபிறகும் இலாரியாவுக்கு ஒரு குறை இருந்தது. அது வெறும் தண்ணீர். அதில் வாசனை இல்லை. காலையில் எழுந்து படுக்கையில் உட்கார்ந்து பின்னலை முன்னால் போட்டு நெருடுவாள். நரைத்துவிட்டது, ஆனாலும் இடுப்பைத் தொட்டது. கயிறு போலிருந்தது. "அந்தக் காலத்துல தொட்டிருக்கணும்" என்பாள் நிக்கோலாசாவிடம். "தொட்டேனே" என்பாள் அவள். "சனிக்கிழமை சனிக்கிழமை என் கை கழண்டுபோகும்."

நீராவி எஞ்சின்கள் ஒவ்வொன்றாகப் போய் டீசல் வந்தது. டீசலுக்குத் தண்ணீர் வேண்டாம். தண்ணீருக்காகவே அந்த இடத்தில் ஊரை வைத்தவர்கள், இப்போது நின்று போகவே காரணமில்லாமல் கடந்து போனார்கள். பட்டறை மூடப்பட்டது. யார்டில் கடைசியாக மிஞ்சியது அந்தச் சிறிய எஞ்சின்தான். அதையும் பழைய இரும்புக்கு அனுப்புவதென்று முடிவானது. கடைசி முறை அதை ஓட்டுவதற்குக் கம்பெனி ப்ரிச்சர்டையே போட்டது. அவனுக்கும் தலை வெளுத்திருந்தது. அதோடு அவன் வேலையும் முடிகிறது.

அன்று சனிக்கிழமை. வெயில் ஏறுவதற்கு முன், தெரு முனையில், எஞ்சின் இரண்டு முறை சின்னதாகக் கூவியது.

அடுப்படியில் இருந்த இலாரியா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். தொட்டி எடுக்கவில்லை, பெரிய தொட்டியில் எப்போதோ ஓட்டை விழுந்து அதில் கற்றாழை வளர்ந்துகொண்டிருந்தது. பின்னலை அவிழ்த்துக்கொண்டே நடந்தாள். வேலியருகே போய்ச் சேரும்போது கூந்தல் முழுக்க அவிழ்ந்திருந்தது. எதிர்வீட்டிலிருந்து நிக்கோலாசா தடியை ஊன்றிக்கொண்டு, கையில் ஒரு பானையோடு வந்தாள்.

ப்ரிச்சர்ட் குழாயைத் தொங்கவிட்டான். வால்வில் கை வைத்துக்கொண்டு, திறக்காமல், மேலிருந்து பார்த்தான்.

"கேக்கலியா தோன்யா? தண்ணி யாரோடதுன்னு?"

"முதல்ல தலைய நனைக்கிறேன்" என்றாள் இலாரியா. "அப்புறமா கேக்கறேன்."

குனிந்தாள். ஆவி எழுந்தது. எண்ணெயும் இரும்பும் நனைந்த மணலும் கலந்த வாசனை முகத்தில் வந்து அறைந்தது. நிக்கோலாசாவின் நடுங்கும் விரல்கள் அவள் முடிக்குள் இறங்கின. ப்ரிச்சர்ட் வழக்கம்போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிணற்றடியில் கோழிகள் குடித்துக்கொண்டிருந்தன. எஞ்சினின் தொட்டி காலியாகும்வரை அவள் நிமிரவில்லை.